வீடு விற்ற பணத்தில் வரி எவ்வளவு? பழைய பத்திரம் போடும் கணக்கு

2024 ஜூலை 23 அன்று தாக்கலான மத்திய பட்ஜெட், சொத்து விற்பவர்களை ஒரே நாளில் குழப்பிவிட்டது. வீடு, மனை விற்ற ஆதாயத்துக்கான வரி 20 சதவீதத்திலிருந்து 12.5 சதவீதமாகக் குறைந்தது. அதே மூச்சில், பழைய விலையைப் பணவீக்கத்துக்கு ஏற்ப உயர்த்திக் காட்டும் இன்டெக்சேஷன் சலுகை எடுக்கப்பட்டது. விகிதத்தைப் பார்த்தவர்கள் லாபம் என்றார்கள். கணக்குப் போட்டுப் பார்த்தவர்கள் நஷ்டம் என்றார்கள். எதிர்ப்பு கிளம்பியதும் ஆகஸ்ட் முதல் வாரத்திலேயே அரசு பாதி வழி இறங்கி வந்தது. 2024 ஜூலை 23க்கு முன் வாங்கிய நிலம், கட்டடம் என்றால் இரண்டு கணக்கில் எது குறைவோ அந்த வரியைக் கட்டலாம் என்று திருத்தம் வந்தது.

அதோடு குழப்பம் தீரவில்லை. இப்போதும் வீடு விற்கப் போகிறவர் முதலில் கேட்பது "எத்தனை பர்சென்ட்?" என்றுதான். வரித் தொகையைத் தீர்மானிப்பதில் விகிதத்துக்குப் பங்கு குறைவு. எந்தத் தேதியில், என்ன விலைக்கு, யார் வாங்கினார்கள் என்று பழைய பத்திரம் சொல்வதுதான் வரியை ஏற்றவும் இறக்கவும் செய்கிறது. அடியிலிருந்து பார்ப்போம். கீழே வரும் கணக்குகள் எல்லாம் 2025-26 நிதியாண்டில், அதாவது 2025 ஏப்ரல் முதல் 2026 மார்ச் வரை நடந்த விற்பனைகளுக்கானவை. பிரிவு எண்கள் 1961ஆம் ஆண்டு வருமான வரிச் சட்டத்தின்படி. 1-4-2026 முதல் 2025ஆம் ஆண்டின் புதிய சட்டம் நடைமுறைக்கு வருவதால் அதில் எண்கள் மாறும்.

## வரி எதன் மேல்?

விற்ற பணம் முழுவதற்கும் வரி கிடையாது. விற்ற விலையில் வாங்கிய விலை, இடையில் செய்த கட்டுமானச் செலவு, தரகர் கமிஷன் போன்ற விற்பனைச் செலவு ஆகியவற்றைக் கழித்தால் மிஞ்சுவதே மூலதன ஆதாயம். அதற்குத்தான் வரி.

வரி வர இரண்டு நிபந்தனைகள் சேர வேண்டும். விற்பது மூலதனச் சொத்தாக இருக்க வேண்டும். நடப்பது சட்டப்படி கைமாற்றமாக இருக்க வேண்டும்.

வீடு, மனை, கடை, தங்கம், பங்கு, மியூச்சுவல் ஃபண்ட் எல்லாம் மூலதனச் சொத்துகள். வீட்டில் புழங்கும் ஃபிரிட்ஜ், கட்டில், சொந்த உபயோகத்துக்கான கார், பைக் ஆகியவை தனிப்பட்ட உபயோகப் பொருள்கள் என்பதால் இதில் வராது. ஆனால் நகைக்கு அந்தச் சலுகை இல்லை. கழுத்தில் கிடந்தாலும் லாக்கரில் கிடந்தாலும் அது மூலதனச் சொத்துதான்.

கைமாற்றம் என்றால் என்ன என்பதில்தான் நம் ஊர்ப் பத்திர வகைகள் ஒவ்வொன்றும் ஒரு பக்கம் போகின்றன:

1. கிரயப் பத்திரம்: விற்பனை. வரி உண்டு.
2. தான செட்டில்மென்ட், உயில், வாரிசுரிமை: இவற்றின் வழியாகச் சொத்து வரும்போது கொடுப்பவருக்கு மூலதன ஆதாய வரி இல்லை. பெறுபவர் பின்னால் விற்கும்போதுதான் கணக்கு தொடங்குகிறது.
3. கூட்டுக் குடும்பச் சொத்தின் பாகப்பிரிவினை: கைமாற்றமாகக் கொள்ளப்படாது.
4. விடுதலைப் பத்திரம்: பணம் வாங்கிக்கொண்டு தன் பங்கை அண்ணனுக்கோ தம்பிக்கோ விட்டுக்கொடுத்தால் அதுவும் கைமாற்றம்தான். 'குடும்பத்துக்குள்ளேதானே' என்று இதை விட்டுவிடுகிறவர்கள் நிறையப் பேர்.
5. பரிமாற்றம்: ஒன்றைக் கொடுத்து இன்னொன்றை வாங்குவதும் கைமாற்றம். நகைக்கடையில் பழைய சங்கிலியைப் போட்டுப் புது வளையல் எடுப்பதும் இதற்குள் வரும். அடகு வைப்பது வராது.

## எத்தனை மாதம் கையில் இருந்தது?

நிலம், வீடு, நகை போன்றவை 24 மாதத்துக்கு மேல் கையில் இருந்தால் ஆதாயம் நீண்டகாலம். பங்குச்சந்தையில் பட்டியலிட்ட பங்குகள், பங்கு சார்ந்த மியூச்சுவல் ஃபண்டுகள் 12 மாதத்துக்கு மேல் இருந்தால் நீண்டகாலம். அதற்குக் குறைந்தால் குறுகியகாலம்.

வீட்டை 23 மாதத்தில் விற்றால் ஆதாயம் சம்பளத்தோடு, வட்டியோடு சேர்ந்து வழக்கமான வரி அடுக்கில் போய் உட்காரும். மேல் அடுக்கில் இருப்பவருக்கு அது 30 சதவீதம். இன்னும் இரண்டு மாதம் பொறுத்திருந்தால் 12.5 சதவீதம். ஆகவே விற்பனைத் தேதியைப் பேசுவதற்கு முன் வாங்கிய தேதியைப் பாருங்கள்.

## 12.5 சதவீதமா, 20 சதவீதமா?

இன்டெக்சேஷன் என்பதன் பொருள் எளிது. 2010இல் கொடுத்த ஒரு லட்சமும் இன்றைய ஒரு லட்சமும் ஒன்றல்ல. அதனால் மத்திய அரசு ஒவ்வொரு நிதியாண்டுக்கும் ஒரு விலைக் குறியீட்டு எண் அறிவிக்கிறது. 2001-02க்கு 100, 2010-11க்கு 167, 2015-16க்கு 254, 2025-26க்கு 376. வாங்கிய விலையை விற்ற ஆண்டின் எண்ணால் பெருக்கி, வாங்கிய ஆண்டின் எண்ணால் வகுத்தால் 'உயர்த்திய விலை' கிடைக்கும். ஒரு விஷயம்: நகர்ப்புற நுகர்வோர் விலை உயர்வில் 75 சதவீதத்தை மட்டுமே இந்தக் குறியீடு கணக்கில் எடுத்துக்கொள்கிறது. பணவீக்கத்துக்கு ஈடு என்று பெயர் இருந்தாலும் கால்பங்கு முன்பே கழிந்துவிடுகிறது.

ஒரு கற்பனைக் கணக்கு. 2010-11இல் தாம்பரம் பக்கம் ஒரு வீடு. முத்திரைத்தாள், பதிவுக் கட்டணம் உட்பட 30 லட்சம். 2025 நவம்பரில் 95 லட்சத்துக்கு விற்பனை.

1. இன்டெக்சேஷன் இல்லாமல்: 95 லட்சத்தில் 30 லட்சம் போனால் ஆதாயம் 65 லட்சம். அதில் 12.5 சதவீதம் 8,12,500 ரூபாய்.
2. இன்டெக்சேஷனோடு: 30 லட்சத்தை 376ஆல் பெருக்கி 167ஆல் வகுத்தால் 67,54,491. ஆதாயம் 27,45,509. அதில் 20 சதவீதம் 5,49,102 ரூபாய்.

இரண்டாவது கணக்கில் 2,63,000க்கு மேல் மிச்சம். 12.5 என்ற சிறிய எண்ணைப் பார்த்து முதல் வழியில் போயிருந்தால் அந்தப் பணம் போயிருக்கும். இந்த வரித் தொகையின் மேல் செஸ் என்ற கூடுதல் வரி 4 சதவீதம் சேரும். மொத்த வருமானம் 50 லட்சத்தைத் தாண்டினால் சர்சார்ஜ் என்ற இன்னொரு கூடுதல் வரியும் உண்டு. நீண்டகால ஆதாயத்தின் மேல் அது 15 சதவீதத்துக்கு மேல் போகாது.

எப்போது எது குறைவு? சின்ன அல்ஜீப்ராவில் விடை இருக்கிறது. விற்ற ஆண்டின் குறியீட்டை வாங்கிய ஆண்டின் குறியீட்டால் வகுத்து, 20ஆல் பெருக்கி, 12.5 கழித்து, 7.5ஆல் வகுக்க வேண்டும். வரும் எண்தான் எல்லைக்கோடு. 2025-26இல் விற்றால்:

- 2001-02இல் வாங்கியது: 8.36 மடங்கு
- 2005-06இல் வாங்கியது: 6.90 மடங்கு
- 2010-11இல் வாங்கியது: 4.34 மடங்கு
- 2015-16இல் வாங்கியது: 2.28 மடங்கு

விலை இந்த மடங்குக்கு மேல் ஏறியிருந்தால் 12.5 சதவீதம் லாபம். ஏறவில்லை என்றால் 20 சதவீதமும் இன்டெக்சேஷனும் லாபம். மேலே சொன்ன வீடு 3.17 மடங்குதான் ஏறியிருக்கிறது; எல்லைக்கோடு 4.34. அடுக்குமாடி வீடுகள் பெரும்பாலும் இந்தக் கோட்டுக்குக் கீழேயே நிற்கும். கட்டடம் வருடா வருடம் பழசாகிறது. அதன் பங்கில் வரும் நிலம் கொஞ்சம்தான். புறநகரில் சல்லி விலைக்கு வாங்கிப் போட்ட மனை பல மடங்கு ஏறி, கோட்டைத் தாண்டிவிடும்.

இந்தத் தேர்வு எல்லாருக்கும் கிடையாது. இந்தியாவில் வசிக்கும் தனிநபர், இந்துக் கூட்டுக் குடும்பம் ஆகிய இருவருக்கு மட்டும். சொத்தும் நிலம் அல்லது கட்டடமாக இருக்க வேண்டும். 2024 ஜூலை 23க்கு முன் வாங்கியிருக்க வேண்டும். அதன்பின் வாங்கிய வீட்டுக்கு 12.5 மட்டும்தான். இன்னொன்று: வரியைக் குறைக்கத்தான் இன்டெக்சேஷன் உதவும். உயர்த்திய விலை விற்ற விலையைத் தாண்டிவிட்டால் வரி பூஜ்யம் ஆகும். ஆனால் அந்த வித்தியாசத்தை நஷ்டமாகக் காட்ட முடியாது.

## பத்திரத்தில் குறைத்துப் போட்ட விலை

மேலே உள்ள வீட்டையே எடுத்துக்கொள்வோம். கொடுத்தது 30 லட்சம். ஆனால் முத்திரைத்தாள் செலவை மிச்சப்படுத்த 2010இல் பத்திரத்தில் 12 லட்சம் என்று போட்டிருந்தால்? வரித்துறைக்கு வாங்கிய விலை 12 லட்சம்தான். 12.5 சதவீதக் கணக்கில் வரி 10,37,500. 20 சதவீதக் கணக்கில் 13.6 லட்சம் வாக்கில். குறைவானதை எடுத்தாலும் முன்பு பார்த்த 5.49 லட்சத்தைப்போல ஏறக்குறைய இரு மடங்கு. அன்று மிச்சமானது ஒன்றரை லட்சம் இருக்கலாம். இன்று கூடுதலாகப் போவது 4.88 லட்சம்.

சென்னையில் ஃபிளாட் வாங்கியவர்களுக்கு இதிலேயே ஒரு தனிச் சிக்கல் உண்டு. பல ஆண்டுகளாகப் புது அடுக்குமாடிகளில் கிரயப் பத்திரம் நிலத்தின் பிரிக்கப்படாத பங்குக்கு மட்டும் எழுதப்பட்டது. கட்டடத்துக்குத் தனியாகக் கட்டுமான ஒப்பந்தம். கிரயப் பத்திரத்தைப் பீரோவில் பத்திரமாக வைத்துவிட்டு, கட்டுமான ஒப்பந்தத்தையும் பில்டர் கொடுத்த ரசீதுகளையும் தொலைத்துவிட்டால், வீட்டு விலையில் பெரும்பகுதிக்கு ஆதாரம் இல்லாமல் போகும். அந்தக் காகிதமும் பத்திரத்துக்குச் சமம்தான். வீட்டுக் கடன் வாங்கியிருந்தால் வங்கி அறிக்கை ஓரளவு கைகொடுக்கும்.

மாடி எடுத்துக் கட்டியது, சுற்றுச்சுவர் போட்டது போன்ற நிரந்தர மேம்பாடுகளை விலையோடு சேர்க்கலாம். வெள்ளையடித்ததைச் சேர்க்க முடியாது. வருமான வரியில் ஏற்கெனவே கழித்துக்கொண்ட வீட்டுக் கடன் வட்டியை மறுபடி வீட்டு விலையில் ஏற்றுவதையும் 2023ஆம் ஆண்டு நிதிச் சட்டம் தடுத்துவிட்டது.

## அப்பா வாங்கிய வீடு

பூர்வீகச் சொத்தில் 'எனக்கு இலவசமாக வந்தது, வாங்கிய விலை பூஜ்யம்' என்று பயப்பட வேண்டாம். அப்பா வாங்கிய விலையே உங்கள் விலை. அப்பா வைத்திருந்த காலமும் உங்கள் காலத்தோடு சேரும். அதனால் வாரிசாக வந்த வீட்டை மறுமாதமே விற்றாலும் ஆதாயம் நீண்டகாலமாகத்தான் இருக்கும், அவரும் நீங்களும் சேர்ந்து வைத்திருந்தது 24 மாதத்தைத் தாண்டினால்.

2001 ஏப்ரல் 1க்கு முன் வாங்கியது என்றால் இன்னொரு வசதி. உண்மையான விலைக்குப் பதில், அந்தத் தேதியில் இருந்த சந்தை மதிப்பை வாங்கிய விலையாக வைத்துக்கொள்ளலாம். முன்பு மதிப்பீட்டாளர்கள் தாராளமாக எழுதிக் கொடுத்தார்கள். 2020ஆம் ஆண்டு நிதிச் சட்டம் அதற்கு மூடி போட்டது: நிலம், கட்டடம் என்றால், முத்திரைக் கட்டணத்துக்காகப் பதிவுத்துறை வைத்திருந்த 1-4-2001 அன்றைய வழிகாட்டி மதிப்புக்கு மேல் அந்த மதிப்பு போகக் கூடாது. அன்றைய வழிகாட்டி மதிப்பு பல இடங்களில் சந்தை விலையைவிட மிகக் கீழே இருந்தது என்பதால், பழைய வீடு விற்பவர்களை உள்ளபடியே கடித்த திருத்தம் இது.

மதுரையில் ஒரு வீடு என்று வைத்துக்கொள்வோம். அப்பா 1985இல் 80,000 ரூபாய்க்கு வாங்கியது. 1-4-2001 மதிப்பு 6 லட்சம். அவர் காலமான பின் அம்மா, இரண்டு மகன்கள், ஒரு மகள் ஆகிய நாலு பேரும் சேர்ந்து 2025-26இல் 80 லட்சத்துக்கு விற்கிறார்கள்.

1. 12.5 சதவீத வழி: 80 லட்சத்தில் 6 லட்சம் போக 74 லட்சம். வரி 9.25 லட்சம்.
2. 20 சதவீத வழி: 6 லட்சம் 3.76 மடங்காகி 22.56 லட்சம். ஆதாயம் 57.44 லட்சம். வரி 11.49 லட்சம்.

விலை 13 மடங்குக்கு மேல் ஏறியிருப்பதால் முதல் வழியே லாபம். ஆனால் இந்த 9.25 லட்சத்தை ஒருவர் தலையில் கட்ட முடியாது. நாலு பேருக்கும் தலைக்கு 18.5 லட்சம் ஆதாயம், 2,31,250 ரூபாய் வரி. ஒவ்வொருவரும் தனித்தனியாக ரிட்டர்ன் தாக்கல் செய்ய வேண்டும். மூத்தவர் கணக்கில் முழுப் பணத்தையும் வாங்கி மற்றவர்களுக்குப் பிரித்துக் கொடுத்தால், வரித்துறையின் பார்வையில் எல்லாம் அவர் விற்றதாகத் தெரியும்; பிறகு விளக்கம் எழுதிக்கொண்டே இருக்க வேண்டியதுதான். காசோலையைப் பங்குதாரர் வாரியாக வாங்குவது நல்லது.

வேறு வருமானமே இல்லாத அம்மாவுக்கு இன்னொரு கழிவும் உண்டு. புதிய வரி முறையில் முதல் 4 லட்சத்துக்கு வரி இல்லை. இந்தியாவில் வசிப்பவருக்கு அந்த 4 லட்சத்தை நீண்டகால ஆதாயத்திலிருந்தும் கழித்துக்கொள்ளச் சட்டம் இடம் தருகிறது. 18.5இல் 4 போக 14.5 லட்சம், வரி 1,81,250. "12 லட்சம் வரை வரியே இல்லை என்றார்களே?" என்று கேட்பார்கள். அந்தத் தள்ளுபடி சம்பளம், ஓய்வூதியம், வட்டி போன்ற சாதாரண வருமானத்துக்கு மட்டும். தனி விகிதத்தில் வரி போடும் மூலதன ஆதாயத்துக்கு அது இல்லை.

## வழிகாட்டி மதிப்பு குறுக்கே வரும்போது

விற்பவரும் வாங்குபவரும் பேசி முடித்த விலை எதுவாக இருந்தாலும், பதிவுத்துறையின் வழிகாட்டி மதிப்பு அதைவிட 10 சதவீதத்துக்கு மேல் கூடுதலாக இருந்தால், வழிகாட்டி மதிப்பையே விற்ற விலையாகப் பிரிவு 50சி எடுத்துக்கொள்ளும். பேசியது 50 லட்சம், வழிகாட்டி மதிப்பு 54 லட்சம் என்றால் பரவாயில்லை. 58 லட்சம் என்றால் கைக்கு வராத 8 லட்சத்துக்கும் சேர்த்து விற்பவர் வரி கட்ட வேண்டும். வாங்குபவரும் தப்ப முடியாது. அதே 8 லட்சம் அவருக்கு 'இதர வருமானம்' ஆகி அவர் வரி அடுக்கில் சேரும்.

தெரு முனையில் உள்ள மதிப்பையே உள்ளே தள்ளி இருக்கும் வீட்டுக்கும் போட்டிருந்தால் சந்தை விலை உண்மையிலேயே குறைவாக இருக்கலாம். அப்போது துறையின் மதிப்பீட்டு அதிகாரிக்கு அனுப்பும்படி கேட்க விற்பவருக்கு உரிமை உண்டு. ஒப்பந்தம் போட்ட தேதிக்கும் பத்திரம் பதிந்த தேதிக்கும் இடையில் வழிகாட்டி மதிப்பு உயர்ந்துவிட்டால், ஒப்பந்தத் தேதியின் மதிப்பையே கேட்கலாம். ஆனால் அட்வான்ஸ் அந்தத் தேதிக்குள் வங்கி வழியாக வந்திருக்க வேண்டும். ரொக்கமாக வாங்கிய அட்வான்ஸ் இதற்குச் செல்லாது. அதோடு, சொத்து விற்பனையில் 20,000 ரூபாயோ அதற்கு மேலோ ரொக்கமாக வாங்குவதே தடைசெய்யப்பட்டது; வாங்கிய தொகைக்குச் சமமான அபராதம் வரலாம்.

## வரியைத் தவிர்க்கச் சட்டமே தரும் மூன்று வழிகள்

1. வீட்டை விற்று வீடு வாங்குவது, பிரிவு 54. விற்பதற்கு ஓராண்டு முன்னோ, விற்ற இரண்டு ஆண்டுக்குள்ளோ இந்தியாவில் ஒரு வீடு வாங்கலாம். அல்லது மூன்று ஆண்டுக்குள் கட்டலாம். ஆதாயத் தொகையைப் போட்டால் போதும், விற்ற பணம் முழுவதும் தேவையில்லை. ஆதாயம் 2 கோடிக்குள் இருந்தால் வாழ்நாளில் ஒரே ஒரு முறை இரண்டு வீடுகள்கூட வாங்கலாம். உச்சவரம்பு 10 கோடி. புது வீட்டை மூன்று ஆண்டுக்குள் விற்றால் விட்டுக்கொடுத்த வரி திரும்பி வரும்.

2. மனை, நகை, பங்கு என்று வேறு எதையாவது விற்று வீடு வாங்குவது, பிரிவு 54எஃப். கால வரம்புகள் அதேதான். ஆனால் இங்கே ஆதாயம் மட்டும் போதாது. செலவு போகக் கைக்கு வந்த பணம் முழுவதையும் போட வேண்டும். 40 லட்சத்துக்கு மனை விற்று, அதில் ஆதாயம் 30 லட்சம், வீட்டில் போட்டது 20 லட்சம் என்றால், விலக்கு பாதிதான், 15 லட்சம். விற்ற நாளில் உங்கள் பெயரில் ஒன்றுக்கு மேற்பட்ட வீடு இருந்தால் இந்தச் சலுகையே இல்லை. விலக்குகளில் அதிகம் தவறாகப் புரிந்துகொள்ளப்படுவது இதுதான்.

3. பாண்டுகளில் முதலீடு, பிரிவு 54ஈசி. நிலம் அல்லது கட்டடம் விற்ற ஆறு மாதத்துக்குள் ஆர்இசி, பிஎஃப்சி, ஐஆர்எஃப்சி போன்ற அரசு நிறுவனங்கள் இதற்கென்றே வெளியிடும் பாண்டுகளில் 50 லட்சம் வரை போடலாம். ஐந்து ஆண்டு எடுக்க முடியாது. அண்மைக் காலத்தில் வட்டி ஆண்டுக்கு 5.25 சதவீதம், அந்த வட்டிக்கும் வரி உண்டு.

மூன்றாவது வழியை யோசிக்காமல் எடுக்க வேண்டாம் என்பது என் கருத்து. வரி 20 சதவீதமாக இருந்தபோது பாண்டு பளிச்சென்று லாபமாகத் தெரிந்தது. இப்போது மிச்சப்படுவது 12.5 சதவீதம்தான், அதற்காக ஐந்து ஆண்டு குறைந்த வட்டியில் பணத்தைக் கட்டிப் போடுகிறோம். பணத்தைப் பாதுகாப்பாக வங்கி வைப்பில்தான் வைக்கப் போகிறோம் என்கிறவருக்குப் பாண்டு இன்னமும் நல்லது. தொழிலில் போட, அதிக வட்டிக் கடனை அடைக்க என்று திட்டம் இருப்பவர், வரியைக் கட்டிவிட்டுப் பணத்தைக் கையில் எடுப்பதே மேல்.

வீடு உடனே அமையவில்லையா? ரிட்டர்ன் தாக்கல் செய்யும் கடைசித் தேதிக்குள், வழக்கமாக ஜூலை 31, மீதித் தொகையை வங்கியில் மூலதன ஆதாயக் கணக்குத் திட்டத்தில் போட வேண்டும். 1988 முதல் இருக்கும் திட்டம் இது. சாதாரண சேமிப்புக் கணக்கில் அதே பணம் கிடந்தால் சலுகை கிடைக்காது. கணக்கின் பெயர்தான் முக்கியம்.

## விவசாய நிலம்

கிராமப்புற விவசாய நிலம் மூலதனச் சொத்தே அல்ல. விற்றால் மூலதன ஆதாய வரியும் இல்லை. கிராமப்புறம் எது என்பதை அடங்கலோ பட்டாவோ சொல்லாது. மக்கள்தொகையும் தூரமும் சொல்லும். 10,000க்குக் குறையாத மக்கள்தொகை கொண்ட நகராட்சி எல்லைக்குள் இருந்தால் அது நகர்ப்புற நிலம். வெளியே இருந்தால், எல்லையிலிருந்து வான்வழித் தூரம் பார்க்கப்படும்: ஊரின் மக்கள்தொகை 10,000க்கு மேல் 1 லட்சம் வரை என்றால் 2 கிலோமீட்டர்; 1 லட்சத்துக்கு மேல் 10 லட்சம் வரை என்றால் 6; அதற்கும் மேல் என்றால் 8. அந்த வட்டத்துக்கு வெளியே இருந்தால்தான் விலக்கு. சாலை வழியாக 9 கிலோமீட்டர் போகிறோம் என்ற வாதம் எடுபடாது. நேற்று வரை கரும்பு போட்ட நிலத்தை மனைகளாகப் பிரித்து விற்றால் விவசாய நிலம் என்ற தகுதியே போய்விடும். பல சமயம் அது வியாபார வருமானமாகவும் பார்க்கப்படும்.

## தங்கம், பங்கு, ஃபண்டு

தங்க நகைக்கு இப்போது தேர்வு எதுவும் இல்லை. 24 மாதத்துக்கு மேல் என்றால் இன்டெக்சேஷன் இல்லாமல் 12.5 சதவீதம். பாட்டி நகைக்கும் 1-4-2001 மதிப்பை எடுத்துக்கொள்ளலாம். ஆனால் அன்றைக்குச் சவரன் நாலாயிரத்துக்கும் கீழே விற்றது என்பதை நினைத்தால், விற்ற பணம் ஏறக்குறைய முழுவதும் ஆதாயமாகவே தெரியும்.

பட்டியலிட்ட பங்குகளிலும் பங்கு சார்ந்த ஃபண்டுகளிலும் நீண்டகால ஆதாயம் ஆண்டுக்கு 1.25 லட்சம் வரை வரி இல்லை. அதற்கு மேல் 12.5 சதவீதம். 12 மாதத்துக்குள் விற்றால் 20 சதவீதம். 1-4-2023 முதல் வாங்கிய கடன் சார்ந்த ஃபண்டுகள் எத்தனை ஆண்டு இருந்தாலும் குறுகியகாலம்தான், வரி அடுக்கின்படி.

நஷ்டம் வந்தால்? நீண்டகால நஷ்டத்தை நீண்டகால ஆதாயத்தில் மட்டும் கழிக்கலாம். குறுகியகால நஷ்டத்தை இரண்டிலும் கழிக்கலாம். மிச்சம் எட்டு ஆண்டு தொடரும், அந்த ஆண்டு ரிட்டர்னை உரிய தேதிக்குள் போட்டிருந்தால். பங்கில் விட்ட நீண்டகால நஷ்டத்தை வீடு விற்ற ஆதாயத்தில் கழிக்கலாம் என்பது பலருக்குத் தெரியாத நல்ல செய்தி.

## விற்பவர் வெளிநாட்டில் இருந்தால்

முதலில் விற்பவர் இந்தியாவில் வசித்தால் என்ன என்று பார்ப்போம். விலை 50 லட்சமோ அதற்கு மேலோ என்றால், பணம் கொடுக்கும்போதே பிடிக்கும் வரியான டிடிஎஸ்ஸாக வாங்குபவர் 1 சதவீதம் பிடித்து விற்பவரின் பான் எண்ணில் கட்ட வேண்டும். நாலு பேர் சேர்ந்து விற்றாலும் மொத்தத் தொகைதான் கணக்கு. அந்த மதுரை வீட்டில் தலைக்கு 20 லட்சம்தானே என்று விட்டுவிட முடியாது. பான் எண்ணை ஆதாரோடு இணைக்காமல் விட்டிருந்தால் 1 சதவீதம் 20 சதவீதமாகும். இதைப் பதிவுக்குப் பிறகு கண்டுபிடித்துத் தவிப்பதைவிட ஒப்பந்தத்துக்கு முன்பே பார்த்துவிடலாம்.

நாலு பேரில் ஒரு மகன் சிங்கப்பூரிலோ துபாயிலோ குடியிருந்தால் அவர் பங்குக்கு விதி வேறு. 20 சதவீதம், இன்டெக்சேஷன் என்ற தேர்வு அவருக்கு இல்லை. 1 சதவீத விதியும் பொருந்தாது. அவர் பங்குக்கு வாங்குபவர் 12.5 சதவீதமும் அதன் மேல் செஸும், பொருந்தினால் சர்சார்ஜும் பிடிக்க வேண்டும். ஆதாயம் எவ்வளவு என்று வாங்குபவருக்குத் தெரியாது என்பதால் நடைமுறையில் விற்ற பணம் முழுவதன் மேலும் பிடித்துவிடுகிறார்கள். இதைத் தவிர்க்க, விற்பவர் முன்கூட்டியே படிவம் 13இல் விண்ணப்பித்து, இவ்வளவுதான் பிடிக்க வேண்டும் என்று வருமான வரி அதிகாரியிடம் சான்றிதழ் வாங்கலாம். அதற்கு வாரக்கணக்கில் ஆகும். பதிவுத் தேதியைக் குறித்துவிட்டு, ஊருக்குப் பத்து நாள் லீவில் வந்து, அப்புறம் இதைத் தொடங்கினால் நடக்காது. கூடுதலாகப் பிடித்த பணம் ரிட்டர்ன் போட்டபின் திரும்பி வரும். அதுவரை அது அவர் கையில் இருக்காது.

சென்னையில் பழைய வீட்டைப் பில்டரிடம் கொடுத்துப் பதிலுக்கு ஃபிளாட்டுகள் வாங்கும் கூட்டு ஒப்பந்தத்தில் வரி எப்போது என்ற கேள்வியும் வெளிநாட்டில் இருப்பவர்களிடமிருந்தே அதிகம் வருகிறது. பதிவு செய்த ஒப்பந்தமாக இருந்தால், தனிநபருக்கு ஒப்பந்தம் போட்ட ஆண்டில் வரி இல்லை. கட்டட நிறைவுச் சான்றிதழ் வந்த ஆண்டில்தான். தன் பங்கு ஃபிளாட்டின் அன்றைய வழிகாட்டி மதிப்பும் கையில் வாங்கிய ரொக்கமும் சேர்ந்தது விற்ற விலை. சான்றிதழ் வருவதற்கு முன்பே தன் பங்கை வேறொருவருக்கு விற்றுவிட்டால் இந்தத் தள்ளிப்போடும் சலுகை போய்விடும். விற்ற ஆண்டிலேயே வரி.

விற்ற ஆண்டிலேயே முன்கூட்டிய வரியும் கட்ட வேண்டும். நவம்பரில் விற்றவர் டிசம்பர் 15, மார்ச் 15 தவணைகளில் கட்டலாம். ஜூலையில் ரிட்டர்ன் போடும்போது கட்டிக்கொள்ளலாம் என்று விட்டால் மாதம் 1 சதவீத வட்டி சேர்ந்துகொண்டே இருக்கும். வேறு வருமானம் இல்லாத அந்த அம்மா போன்ற 60 வயதைத் தாண்டியவர்களுக்கு, வியாபாரம் எதுவும் செய்யாதவரை, முன்கூட்டிய வரிக் கட்டாயம் இல்லை.